எட்டு சென்டிமீட்டர் கட்டி: சிறுநீரகம் முழுவதையும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு வயது 56, மளிகைக் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, சில வருடமாக ரத்த அழுத்தம். வயிற்று உப்புசத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், வலது சிறுநீரகத்தில் கட்டி இருப்பது தெரிந்திருக்கிறது. சி.டி. ஸ்கேனில் அதன் அளவு 8.2 சென்டிமீட்டர். வலியில்லை, சிறுநீரில் ரத்தமும் போகவில்லை.

உள்ளூருக்குப் பக்கத்தில் பார்த்த யூராலஜிஸ்ட், "இவ்வளவு பெரிய கட்டிக்குச் சிறுநீரகம் முழுவதையும் எடுப்பதுதான் பாதுகாப்பு, ஒன்று இருந்தால் போதும்" என்றிருக்கிறார். மதுரையில் பார்த்த இன்னொருவர், "கட்டியை மட்டும் எடுத்து, மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம், ரோபோ மூலம் செய்யலாம்" என்றிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "கேன்சரில் மிச்சம் வைத்தால் திரும்ப வரும், அந்த டாக்டர் ரோபோ காசுக்காகச் சொல்கிறார்" என்பது கணவரின் அண்ணன் கட்சி. தன் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்துவிட்டு வருடக்கணக்காக நன்றாக இருக்கும் நாத்தனாரோ, "ஒன்றை வைத்துக்கொண்டு நான் இல்லையா? எடுத்துப் போடச் சொல்" என்கிறார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.3. லேப் பேப்பரில் அது நார்மல் வரம்புக்குள் இருப்பதால் சிறுநீரகத்தில் வேறு கோளாறு இல்லை என்று சகோதரி நினைக்கிறார். ஊசி குத்திச் சோதிக்காமலே எப்படிக் கேன்சர் என்கிறார்கள், கத்தி பட்டால் பரவுமா, கீமோ கொடுப்பார்களா, கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பார்களா, மகனுக்கும் வருமா என்று இன்னும் சில கேள்விகள். கடைசியில் ஒரு வரி: கணவரிடம் 'நீர்க்கட்டி' என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சகோதரி, கடிதத்தோடு ஸ்கேன், ரத்தம், சிறுநீர் அறிக்கைகளின் நகலையும் வைத்தது நல்லதாயிற்று. அவை இல்லாவிட்டால் பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு முடித்திருப்பேன்.

உங்கள் ஊர் மருத்துவர் தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. 1960களில் டொரன்டோவைச் சேர்ந்த ராப்சன் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு, சிறுநீரகப் புற்றுநோய் என்றால் சிறுநீரகம், அதைச் சுற்றிய கொழுப்பு, மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி என எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பதுதான் உலகமெங்கும் முறையாக இருந்தது. பல தலைமுறை மருத்துவர்கள் அப்படித்தான் படித்தோம். பிறகு, நாலு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளில் கட்டியை மட்டும் எடுத்தாலே போதும் என்று தெளிவானது. இன்று அந்த அளவுக்குப் 'பார்ஷியல்'தான் முதல் தேர்வு. நாலிலிருந்து ஏழு வரை, செய்ய முடிகிற இடத்தில் இருந்தால் செய்கிறோம். ஏழைத் தாண்டினால்தான் சர்ச்சை. உங்கள் கணவரின் கட்டி அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் பேசியதற்குக் காரணம் அதுதான்.

அளவை விட இடம் முக்கியம்

சிறுநீரகமே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தானே, எட்டு சென்டிமீட்டர் கட்டியை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கட்டி முழுக்கச் சிறுநீரகத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டியதில்லை. முளைக்க வைக்கத் தேங்காயை மண்ணில் பாதிகூடப் புதையாமல் ஊன்றுவோம் இல்லையா, அதைப் பிடுங்கினால் தேங்காய் அளவுக்கா குழி விழுகிறது? உங்கள் கணவரின் கட்டி வலது சிறுநீரகத்தின் கீழ்முனையில் இருக்கிறது. முக்கால்வாசி வெளியே பிதுங்கி நிற்கிறது என்று அறிக்கை சொல்கிறது. இதே எட்டு சென்டிமீட்டர், ரத்தக்குழாய்கள் நுழையும் நடுப்பகுதியில் இருந்திருந்தால் நானே முழுவதையும் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

இதை மதிப்பிட 2009இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். ரீனல் ஸ்கோர் என்போம். அளவு, எவ்வளவு வெளியே நிற்கிறது, சிறுநீர் சேரும் உள்ளறைக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, மேல்முனையா கீழ்முனையா நடுவா என்பதையெல்லாம் வைத்து 4 முதல் 12 வரை போடுவது. ஆறு வரை எளிது. பத்தும் அதற்கு மேலும் கடினம். அறிக்கையின் வாசகத்தை வைத்து நான் போட்ட கணக்கில் உங்கள் கணவருக்கு 9 வருகிறது. நடுத்தரச் சிக்கல், அதிலும் மேல் படி. அளவுக்கும், உள்ளறையை ஒட்டி இருப்பதற்கும்தான் மதிப்பெண் ஏறியிருக்கிறது. சிறுநீரக ரத்தக்குழாய்க்குள் கட்டி நுழையவில்லை, நிணநீர்க்கட்டிகள் வீங்கவில்லை, நெஞ்சு ஸ்கேன் சுத்தம், இடது சிறுநீரகத்தில் கட்டி ஏதும் இல்லை. இந்த நாலும் நல்ல செய்திகள்.

கிரியேட்டினின் 1.3 சொல்லாத கதை

நீங்கள் கவலைப்படாமல் விட்ட இடத்தில்தான் எனக்குக் கவலை. லேப் பேப்பரின் நார்மல் வரம்பு எல்லா வயதுக்கும் சேர்த்துப் போட்டது. வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் உங்கள் கணவரின் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., சுமார் 64. அதோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இரண்டு பிளஸ் என்று வேறு இருக்கிறது. பன்னிரண்டு வருடச் சர்க்கரை தன் வேலையை இரண்டு சிறுநீரகத்திலும் தொடங்கிவிட்டது என்றுதான் இதற்கு அர்த்தம். இவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. 2006இல் நியூயார்க்கில் கட்டி அறுவைக்கு வந்த 662 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கிரியேட்டினின் நார்மல், இரண்டு சிறுநீரகமும் இருந்தன. ஆனாலும் கால்வாசிப் பேருக்கு வடிகட்டும் திறன் ஏற்கனவே 60க்குக் கீழே இருந்தது.

இப்போது உங்கள் நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். அவர் செய்தது பெரிய காரியம்; அவர் நன்றாக இருப்பதும் உண்மை. ஆனால் தானம் கொடுக்கிறவர்களை நாங்கள் சல்லடை போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். சர்க்கரை இருக்கிறதா, ஆல்புமின் போகிறதா, வடிகட்டும் திறன் எவ்வளவு என்று பார்த்துத்தான் ஒன்றை எடுக்கிறோம். உங்கள் கணவர் தானம் கொடுக்க வந்திருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்போம். ஆகவே அவரை இவரோடு ஒப்பிட முடியாது.

முழுவதையும் எடுத்தால் என்ன ஆகும்? இடது சிறுநீரகம் கொஞ்சம் கூடுதல் வேலை செய்து ஈடுகட்டும். அப்படி ஈடுகட்டினாலும் வடிகட்டும் திறன் உத்தேசமாக 35இலிருந்து 45க்குள் வந்து நிற்கலாம். கட்டியை மட்டும் எடுத்தால் 50க்கு மேல் தங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உடனே டயாலிசிஸ் என்று பயந்துவிடாதீர்கள், இரண்டிலும் அது இல்லை. அறுவையால் மட்டும் குறைந்த திறன் பெரும்பாலும் அதே அளவில் நின்றுவிடும். சர்க்கரையும் சேர்ந்து அரிக்கும்போதுதான் அது வருடா வருடம் இறங்கும். 56 வயதுக்காரருக்கு இன்னும் இருபது வருடக் கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா?

இதில் விடுபட்ட ஒரு சோதனை டி.டி.பி.ஏ. ஸ்கேன். மொத்த வேலையில் வலது எத்தனை சதவீதம், இடது எத்தனை சதவீதம் செய்கிறது என்று அது பிரித்துச் சொல்லும். நான் மேலே சொன்ன எண்கள் வலது கிட்டத்தட்டப் பாதி வேலை செய்கிறது என்ற அனுமானத்தில் போட்டவை. வலது ஏற்கனவே 20 சதவீதம்தான் செய்கிறது என்று வந்தால், அதைக் காப்பாற்ற இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும். முடிவெடுக்கும் முன் இதை எடுத்துவிடுங்கள்.

"மிச்சம் வைத்தால் திரும்ப வரும்"

அண்ணன் பயப்படுவது இயல்பு. ஆனால் பார்ஷியலில் மிச்சம் வைப்பது நல்ல சிறுநீரகத்தை, கட்டியை அல்ல. பெரும்பாலான சிறுநீரகக் கட்டிகளைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கும். அதற்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் நல்ல திசுவில் ஒரு மெல்லிய விளிம்போடு வெட்டி எடுக்கிறோம். ஒரு சென்டிமீட்டர் விட வேண்டும் என்று முன்பு சொல்லுவோம். அவ்வளவு தேவையில்லை, விளிம்பில் கட்டி இல்லாமல் இருந்தால் போதும் என்பது பிறகு தெரிந்தது. மிச்சம் இருக்கும் பகுதியில் மீண்டும் வருவது நூற்றில் சிலருக்குத்தான். இந்த நோய் திரும்புவதென்றால் அதிகமும் நுரையீரலிலோ எலும்பிலோதான் தலைகாட்டும். அது கட்டியின் குணத்தைப் பொறுத்தது. முழுவதையும் எடுத்தாலும் அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றுதான். ஐரோப்பாவில் 541 பேரிடம் நடத்தி, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து சென்டிமீட்டர் வரை உள்ள சிறிய கட்டிகள்தான் அதில். பார்ஷியல் செய்தவர்களுக்குச் சிறுநீரகத் திறன் நன்றாக இருந்தது. ஆனால் பத்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் முழுவதையும் எடுத்த அணியில் 81 சதவீதம், பார்ஷியல் அணியில் 76. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் மாறு! உறுதியாகப் புற்றுநோய் என்று தெரிந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் பொருட்படுத்தும் அளவில் இல்லை; ஆய்வு நடந்த விதத்திலும் குறைகள் உண்டு. ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளுக்கு இந்த மாதிரி ஆய்வே கிடையாது. இருப்பதெல்லாம் பழைய நோயாளிகளின் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. அவற்றில் பார்ஷியலுக்கு ஏற்றவர்களாகப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள். முடிவு நன்றாக வரத்தானே செய்யும்? ஆகவே "பார்ஷியல் செய்தால் ஆயுள் கூடும்" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். உங்கள் கணவருக்கு அதை நான் பரிசீலிக்கச் சொல்வது சர்க்கரைக்காகவும் அந்த ஆல்புமினுக்காகவும்.

அறுவைக்குள் என்ன நடக்கிறது, என்ன ஆபத்து

ரோபோ தானாக எதையும் வெட்டாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அறுவை மருத்துவர் அசைப்பதைத்தான் அது செய்யும். முதலில் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தக்குழாயைக் கண்டுபிடித்துத் தனியாகப் பிரித்து வைப்பார்கள். சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியைச் சிறுநீரகத்தின் மேலேயே வைத்துக் கட்டியின் எல்லையைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு ரத்தக்குழாயில் கிளிப் போட்டு ஓட்டத்தை நிறுத்தி, கட்டியை வெட்டி எடுத்து, திறந்த உள்ளறையைத் தைத்து, மேலே இன்னொரு அடுக்குத் தையல் போட்டு, கிளிப்பை எடுப்பார்கள். ரத்தம் நின்றிருக்கும் நேரம் 25, மிஞ்சினால் 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காப்பாற்ற நினைத்த திசுவே கெடும். எட்டு சென்டிமீட்டர் கட்டிக்கு அந்த நேரத்துக்குள் முடிப்பது கைப்பழக்கம் உள்ளவர்களால்தான் முடியும். வயிற்றைத் திறந்து செய்தால் சிறுநீரகத்தைச் சுற்றிப் பொடித்த ஐஸை நிரப்பிக் குளிர வைத்து, இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளலாம். பெரிய கட்டிக்கு அது இன்றும் நல்ல வழிதான். வடு பெரிதாக இருக்கும், வலி அதிகம், அவ்வளவே.

முழுவதையும் எடுப்பது இதைவிடச் சுலபமான அறுவை. பார்ஷியலில் ரத்தப்போக்கும், தையல் வழியாகச் சிறுநீர் கசிவதும் கூடுதல் ஆபத்து. கசிவு வந்தால் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் ஒன்றை வைத்துச் சில வாரம் காத்திருந்தால் பெரும்பாலும் அடைபடும். ரத்தப்போக்கு சில சமயம் வீட்டுக்குப் போன பிறகு, ஒன்றிரண்டு வாரத்தில் திடீரென்று வரும். சிறுநீர் சிவப்பாகப் போனாலோ தலைசுற்றினாலோ விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தொடை வழியாகக் குழாய் விட்டு, கசியும் ரத்தக்குழாயை மட்டும் அடைத்துவிடலாம்.

மதுரை மருத்துவரை மறுபடி பார்க்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிக்கு எத்தனை பார்ஷியல் செய்திருக்கிறார், நடுவில் முழுவதையும் எடுக்க நேர்ந்தது எத்தனை பேருக்கு, ராத்திரி ரத்தப்போக்கு வந்தால் அடைக்க அங்கேயே ஆள் இருக்கிறார்களா. இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிறவர் காசுக்காகப் பேசுகிறாரா இல்லையா என்பது அண்ணனுக்கே புரிந்துவிடும். ரோபோ கட்டணம் சுமை என்றால் திறந்தோ லேப்ராஸ்கோப்பியிலோ செய்வாரா என்றும் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அரசு மருத்துவமனையே போதும் என்றால், சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை வசதி இருக்கிறது.

மூன்றாவது கருத்துக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள். அது உங்கள் உரிமை. எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் எதுவும் கைமீறிப் போய்விடாது. ஆறு மாதம் தள்ளிப்போடுவதுதான் கூடாது. ஸ்கேன் படங்களையும் மருத்துவக் கோப்பையும் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதியே இருக்கிறது.

அவரிடம் சொல்லியாக வேண்டும்

'நீர்க்கட்டி' என்று சொல்லி வைத்திருப்பது பாசத்தால்தான் என்று புரிகிறது. ஆனால் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்தது செல்லாது என்று தீர்ப்பு. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக, அவசரம் இல்லாதபோது, குடும்பம் கையெழுத்துப் போட முடியாது. இங்கே அது இன்னும் முக்கியம். பார்ஷியல் என்று உள்ளே போய், ரத்தம் நிற்கவில்லை, அல்லது கட்டி நினைத்ததைவிட ஆழமாகப் போயிருக்கிறது என்றால், மேஜையிலேயே முழுவதையும் எடுக்க வேண்டிவரும். 'தேவைப்பட்டால் முழு நீக்கம்' என்று படிவத்தில் எழுதி, அதை அவர் புரிந்துகொண்டு சம்மதித்திருக்க வேண்டும். நீர்க்கட்டி என்று நம்பிப் போகிறவருக்கு இதை எப்படிப் புரிய வைப்பீர்கள்?

கடையில் கொடுக்கல் வாங்கல் பார்க்கிற மனிதர். அரைகுறையாக அவருக்கே தெரிந்திருக்கும். மருத்துவரை வைத்தே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். "கட்டி இருக்கிறது, கேன்சராக இருக்க வாய்ப்பு அதிகம், வேறெங்கும் பரவின அடையாளம் இல்லை, எடுத்துவிடலாம்" என்ற நாலு விஷயமும் ஒரே மூச்சில் வர வேண்டும். முதல் இரண்டோடு நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடக் கூடாது.

நான் அவரைப் பார்க்கிற மருத்துவனாக இருந்தால், டி.டி.பி.ஏ. முடிவு ஒத்துவந்தால், பார்ஷியலுக்குத் தயாராக உள்ளே போவேன். முழுவதையும் எடுக்கும் சம்மதத்தையும் கையில் வைத்திருப்பேன். அனுபவமுள்ளவர் கிடைக்காவிட்டால் முழுவதையும் எடுப்பதில் தப்பில்லை. தெரியாதவர் கையில் பார்ஷியலை விட, தெரிந்தவர் கையில் முழு நீக்கம் மேல்.

மீதிக் கேள்விகளுக்கு

ஊசிச் சோதனை: இந்த அளவில், ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்தை உறிஞ்சி ஒளிரும் திடமான கட்டி என்றால் சி.டி. படமே பெரும்பாலும் போதும். ஊசி முடிவு எப்படி வந்தாலும் அறுவை மாறாது என்பதால் செய்யவில்லை. எடுத்த பிறகு சோதித்ததில் கேன்சரே இல்லை என்று வருவதும் உண்டு, ஆனால் இவ்வளவு பெரிய கட்டியில் அந்த வாய்ப்பு குறைவு. ஊசியாலோ கத்தியாலோ பரவும் என்ற பயம் வேண்டாம். ஊசிப் பாதையில் பரவுவது மிக மிக அரிது. அறுவையில் கட்டியை உடையாமல் பைக்குள் போட்டுத்தான் வெளியே எடுக்கிறோம்.

கீமோவுக்கு இந்தப் புற்றுநோய் மசியாது. கரண்ட் வைப்பதும் வழக்கமில்லை. எடுத்த பிறகு வரும் பயாப்சி முடிவில் கட்டி சுற்றுக் கொழுப்புக்குள்ளோ ரத்தக்குழாய்க்குள்ளோ போயிருந்தாலோ, மிகத் தீவிர ரகமாக இருந்தாலோ, பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்தை ஒரு வருடம் கொடுப்பது பற்றிப் பேசுவார்கள். விலை அதிகம். அப்படி வந்தால் அப்போது எழுதுங்கள். எதுவானாலும் குறைந்தது ஐந்து வருடம் நெஞ்சு, வயிறு ஸ்கேன், கூடவே கிரியேட்டினின், ஆல்புமின் பார்க்க வேண்டும்.

மகனுக்கு: ஐம்பது வயதைத் தாண்டி, ஒரு பக்கம், ஒரே கட்டி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. பரம்பரையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மகனுக்குச் சோதனை எதுவும் வேண்டாம். சிகரெட் இருந்தால் விடச் சொல்லுங்கள்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார் என்று. அது சிறுநீரகத்துக்கு ஆகாத மாத்திரை. அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அறுவைக்குப் பிறகும் தொடக் கூடாது. வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும்.